பாய்லரின் கையில் கட்டிய பூசணிக்காய்

போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு, கிறிஸ்தவனின் அமைதியான வாழ்க்கை. கேட்டதும் என் மனைவி எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? வேலை பார்த்த காலம் முழுக்க பாய்லர் பக்கத்திலேயே நின்றவன் நான். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்று பாதிதான். வீட்டில் நான் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருக்காரர் என்ன சண்டை என்று எட்டிப் பார்ப்பார்.

கூட்டத்தில் கொஞ்ச நேரந்தான் கொடுத்தார்கள். பூசணிக்காய் கதையில் பாதிக்கு வரும்போதே மணியடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். காகிதத்தில் எவனும் மணியடிக்க முடியாது.

என் அப்பா கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அமைதியைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். "வாயத் தொறக்காத. கண்டும் காணாத மாரி போய்க்கினே இரு" என்பார். எங்கள் காலனியின் ஓலைக்கூரைக் கோயிலுக்கு வந்த போதகரும் அமைதி அமைதி என்றுதான் சொல்வார். தன் கையால் உழைத்துச் சாப்பிட்டு, யாருக்கும் பாரமில்லாமல், அக்கம்பக்கத்தாரோடு சமாதானமாக இருப்பதே பெரிய சாட்சி என்பார். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழில் கற்ற கதை நீளம். சுருக்கிவிடுகிறேன். திருவள்ளூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் அடுப்புக்கு உமி தள்ளப் போனேன். உமி தள்ளியவன் நெருப்புப் போட ஆரம்பித்தேன். நெருப்புப் போட்டவனை மெட்ராஸுக்குப் பரீட்சைக்கு அனுப்பினார்கள். முதல் தடவை பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு தோற்றேன். அடுத்த தடவை பாஸ். கையில் பாய்லர் சான்றிதழோடு அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு புழுங்கல் அரிசி ஆலைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் காலனியிலேயே சர்க்கார் முத்திரை குத்திய வேலைக்காரன் நான்தான். அப்பா அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கவே பயந்தார்.

அங்கே ஃபோர்மேன் சுப்பராயலு நாயுடு. ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். எல்லாரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மனிதர்கள் குரலை உயர்த்துவார்கள். அவருக்குக் குரல் இறங்கும். "இன்னா நைனா" என்று கிசுகிசுத்தால் தப்பு பெரியது என்று அர்த்தம். பாராட்ட மாட்டார். "ஊம்" என்பார். அந்த ஒரு "ஊம்"முக்காக நாங்கள் வாரக்கணக்கில் காத்திருப்போம்.

ஷிப்ட் மாறும்போது "எல்லாம் சரியா?" என்று கேட்பது அவருக்குப் பிடிக்காது. போகிறவனும் வருகிறவனும் பாய்லர் முன்னால் சேர்ந்து நிற்க வேண்டும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் அடிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சீறி வெளியே போய், மூடியதும் மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு ஏறுகிறதா என்று இரண்டு பேரும் கண்ணால் பார்க்க வேண்டும். மெதுவாக ஏறினால் உள்ளே அடைப்பு. அப்புறம் பம்ப். அப்புறம் பிரஷர் முள். கடைசியாக சேஃப்டி வால்வு. இத்தனையும் முடிந்த பிறகுதான் நாயுடு டீத் தம்ளரைத் தொடுவார். டீ ஆறிப்போனாலும் சரி.

அந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கதையே அங்கேதான் இருக்கிறது. பாய்லருக்குள் நீராவி அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட்டுவிடுவது சேஃப்டி வால்வு. எங்களுடையது பழைய மாதிரி. பாய்லர் முதுகின் மேல் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். கையின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். குண்டின் கனம்தான் கணக்கு. நீராவி அந்தக் கனத்தை ஜெயித்தால் கை எழும்பும், ஆவி பீறிடும், பாய்லர் பிழைக்கும். குண்டோடு வேறு எதையாவது சேர்த்துத் தொங்கவிட்டால் கை எழும்பாது. தினமும் நெருப்பு வைக்கும் முன்னால் கீழே நின்றபடி, கப்பி வழியாக வரும் ஒரு சங்கிலியை இழுத்து, கை இரண்டும் தாராளமாக எழும்புகின்றனவா என்று பார்ப்போம்.

ஆலையில் நான் ஒருவன்தான் வேதக்காரன். ஆலையின் பெல்ட்டையும் எந்திரங்களையும் பழுதுபார்க்கும் ஃபிட்டர் முனுசாமி எனக்கு வைத்த பெயர் அல்லேலூயா. பாய்லர் அவர் பொறுப்பில்லை. அவர் என்னைவிட மூத்தவர், கை சுத்தமான வேலைக்காரர். தன் மச்சானுக்கு வாங்கித்தர நினைத்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டதில் தீராத வருத்தம். "அல்லேலூயா, உன் சாமி வந்து உமி தள்ளுமா?" என்று கேட்பார். நான் சிரித்துவிட்டு உமி தள்ளுவேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாருடைய வேலையையும் நான் பார்ப்பேன், கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் அவர்கள் என் வேலையைப் பார்ப்பார்கள். ஆயுத பூஜை அன்று எனக்கு லீவு கொடுத்துவிடுவது நாயுடுவின் ஏற்பாடு. நான் வீட்டில் இருப்பேன், அவர்கள் பாய்லருக்குப் பொட்டு வைப்பார்கள். எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், ஆலையில் பெல்ட்டில் சிக்கி ஒருவருக்குக் கை போயிற்று. அதற்கும் பாய்லருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சொல்கிற வாயை யார் மூடுவது? சாமி கும்பிடாதவன் கையில் நெருப்பைக் கொடுத்ததால் வந்த வினை என்று பேச்சு கிளம்பியது. முனுசாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முதலாளியிடமே போய், ஆளை மாற்றுங்கள் என்று கேட்டுவிட்டார்.

முதலாளி பதில் சொல்லும் முன் அவருடைய அம்மா சொல்லிவிட்டார். ஆலையில் எல்லாரும் அவரைப் பெரியம்மா என்போம். புருஷன் போன பிறகு ஆலையை நிமிர்த்தியவர். நெல் மூட்டை அடுக்கின் மேல் விறுவிறுவென்று ஏறி நின்று எண்ணுவார். "ஆளை மாத்த வேணாம். இந்த வருசம் பூசையப் பெருசா போடலாம். அதுக்கப்புறமும் எதுனா ஆச்சுன்னா அப்ப பார்த்துக்கலாம்" என்றார்.

அதாவது, இனிமேல் ஆலையில் எது கெட்டாலும் என் தலை. என் தலை மட்டுமானால் பரவாயில்லை. நெல் காயவைக்கும் களத்தில் வேலை செய்தவர்கள் முக்கால்வாசி எங்கள் காலனிப் பெண்கள். எஸ்தரும் அங்கேதான். எனக்குக் கதவு மூடினால் அவர்களுக்கும் மூடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரம் எங்கள் கோயிலில் எனக்காக முழங்கால் போடாதவர்கள் கிடையாது.

ஆயுத பூஜை அன்று வழக்கம்போல வீட்டில் இருந்தேன். விஜயதசமி காலையில் விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். நல்ல நேரத்தில் பாய்லரைப் பற்றவைக்க வேண்டும். முதலாளி முன்னால் நின்று தேங்காய் உடைப்பார், ஆலை முழுக்கக் கூடி நிற்கும்.

பாய்லர் வீட்டுக்குள் நுழைந்தேன். எங்கும் சந்தனம், குங்குமம், மாவிலை, வாழைக்கன்று. சத்தியமாக அழகாகத்தான் இருந்தது. மேலே பார்த்தேன். வால்வுகளின் இரண்டு இரும்புக் கைகளையும் புதுக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, அதில் ஒரு பெரிய கல்யாணப் பூசணிக்காயைத் தொங்கவிட்டிருந்தார்கள். திருஷ்டிப் பூசணி. கரியால் முறுக்கு மீசை, கோரைப்பல், சிவந்த கண். அந்த அசுரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சங்கிலியை இழுத்தேன். கை அசையவில்லை.

பின்னால் நாயுடு வந்து நின்றார். அவரும் இழுத்துப் பார்த்தார். ஊருக்குப் போயிருந்தவர், அப்போதுதான் முதல் ரயிலில் வந்திருந்தார். குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது.

"யாரு நைனா கட்டினது?"

உமி தள்ளுகிறவர் சொன்னார். "பெரியம்மா. அவங்களே கையால எடுத்துக் குடுத்தாங்க, முனுசாமிண்ணன் கட்டிச்சு. தானா காஞ்சி வுழற வரிக்கும் யாரும் அவுக்கக் கூடாதாம். அவுத்தா குடும்பத்துக்கே ஆவாதாம்."

நாயுடு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "நெருப்பு வெக்க முடியாது. அதுல பேச்சே இல்ல. ஆனா நான் அவுத்தா என் வேலை போவும். நீ அவுத்தா உங்க காலனியே போவும். உடம்பு சரியில்லன்னு ஊட்டுக்குப் போயிடு. நான் எதுனா சொல்லி சமாளிக்கிறேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். என் அப்பாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கண்டும் காணாத மாதிரி போய்க்கொண்டே இரு. எனக்கும் கால் வாசல் பக்கம் திரும்பியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போய் எங்கே நிற்பது? நான் போனால் வேறு யாரையாவது விட்டுப் பற்றவைத்துவிட்டால்? களத்தில் எஸ்தர் நிற்கிறாள். பாய்லர் முன்னால் முதலாளி நிற்பார், முனுசாமி நிற்பார். இவர்களை விட்டுவிட்டு நான் வீட்டில் படுத்துக்கொண்டு அதற்கு அமைதி என்று பேர் வைப்பதா? அந்த இடத்தில்தான் அப்பா சொன்ன அமைதியும் போதகர் சொன்ன சமாதானமும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது. கட்டச் சொன்னவரிடமே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆலைக்குப் பின்னால்தான் முதலாளி வீடு. அதுவரை நான் அந்த வாசல்பக்கம் போனதில்லை. பெரியம்மா பூக்கூடையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். மனசுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தேன்.

"பெரியம்மா, ஒரு விசயம். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி உங்க கிட்ட மட்டும் சொல்லணும்."

"இன்னா தாசு, காலங்காத்தால?"

"பூசணிக்கா தொங்குதே, அது பாய்லர் மூச்சு விடற எடம்மா. பாரம் ஏறிப்போயி மூச்சு அடைச்சிக்கினு கெடக்குது. இப்பிடியே நெருப்பு வெச்சா வெடிச்சிடும்."

அவர் முகம் மாறியது. "நீ எங்க சாமி கும்புட மாட்ட. அதனால சொல்றியா?"

"நான் கும்புடறதில்லம்மா, நெசந்தான். ஆனா உங்க புள்ள அது முன்னாடி நின்னுக்கினுதான தேங்கா ஒடைப்பாரு?"

அவர் கூடையைக் கீழே வைத்தார். "கட்டினத அவுத்தா அபசகுனம்னு சொல்லிக்கிறாங்களே."

"அவுக்க வேணாம்மா. எடம் மாத்துங்க. கொழந்தைய இந்த இடுப்புலேந்து அந்த இடுப்புக்கு மாத்தற மாரி. வாசல் உத்தரத்துல கட்டினா உள்ள வர்ற கண்ணெல்லாம் அதும்மேலதான படும்?"

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பாய்லர் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி வேட்டி மடிப்பு கலையாமல் நின்றிருந்தார்.

"எங்க, அந்த மூச்சு விடறதக் காட்டு" என்றார் பெரியம்மா.

சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன். இழுத்தார். தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

முனுசாமி முன்னால் வந்தார். "பெரியம்மா, அந்த அல்லேலூயா பேச்சக் கேட்டுக்கினு பூசைய பேஜாராக்காதீங்க. அவனுக்கு நம்ம சாமின்னா..."

"முனுசாமி, நீ வந்து இழு."

முனுசாமி இழுத்தார். ஒரே இழுப்புதான். அவர் ஃபிட்டர், கனம் தெரிந்த கை அவருடையது. நிமிர்ந்து மேலே பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை. "ஐயோ. நாந்தான கட்டினேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"நீதான் அவுக்கணும். தாசு, நீ கீழ வுழாம தாங்கு" என்றார் பெரியம்மா.

பக்கத்துச் செங்கல் படியில் இரண்டு பேரும் ஏறினோம். அவர் முடிச்சில் கை வைத்தார், நான் பூசணியைக் கட்டிப்பிடித்தேன். கீழே விழுந்து உடைந்தால் அவ்வளவுதான், அபசகுனம் முழுசாக என் தலையில். காயெல்லாம் எண்ணெயும் மஞ்சளும். வழுக்கியது. கயிறு புதுசு, முடிச்சு இறுகிப்போயிருந்தது. முனுசாமி நகத்தால் முடிச்சை நெம்பினார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த அசுரன் முழித்துக்கொண்டிருந்தான்.

"புடிச்சிக்கினியா தாசு?" என்றார் முனுசாமி. அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பாரத்த எம்மேல வுடுண்ணே."

முடிச்சு அவிழ்ந்தது. பாரம் முழுதும் என் நெஞ்சில் வந்து இறங்கியது. ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஆலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வாசல் உத்தரத்தில் முனுசாமி ஏறிக் கட்ட, நான் கீழிருந்து தாங்கிக் கொடுத்தேன். கட்டி முடித்ததும்தான் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். நெஞ்சு முழுக்கக் குங்குமம், நடுவில் அசுரனின் கரி மீசை அச்சாகப் பதிந்திருந்தது. முதலில் சிரித்தவர் பெரியம்மாதான். பிறகு ஆலையே சிரித்தது.

அவர் மறுபடி சங்கிலியை இழுத்தார். இரண்டு கைகளும் ஜம்மென்று எழும்பின. தேங்காய் உடைந்தது, நான் நெருப்பு வைத்தேன். நாயுடு அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே முள்ளை எல்லைக்கோடு வரை ஏறவிட்டார். வால்வு திறந்தது. அடேயப்பா! கூரைமேல் இருந்த காக்கையெல்லாம் பறந்தது, களத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். வெள்ளை வெளேரென்று ஆவி தென்னைக்கு மேலே போனது. பெரியம்மா இடத்தைவிட்டு நகரவில்லை, கைகூப்பி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

நாயுடு "ஊம்" என்றார். பிறகு தன் தம்ளரிலிருந்த டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை அதே தம்ளரில் என்னிடம் நீட்டினார். எங்கள் காலனிக்காரனுக்கு அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அந்த டீ ஆறித்தான் இருந்தது. அதைப்போல ஒரு டீ இன்றுவரை குடிக்கவில்லை.

நம் சபைப் பக்கம் சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் வேதமுத்து என்னை நிறுத்தினார். "இன்னா தாசு, பூசை பூசணியக் கட்டிப்புடிச்சிக்கினு ஊர்கோலம் போனியாமே?"

"புடிக்கலன்னா பாய்லர் வெடிச்சிருக்கும். உங்க சம்சாரமும் களத்துலதான் இருந்தாங்க, மூப்பரே" என்றேன்.

போதகர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டைக் கறை போயிற்றா என்று மட்டும் விசாரித்தார். போகவில்லை. எஸ்தர் எத்தனை தடவை துவைத்தும் அந்த மீசை போகவே இல்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு லீவு வேண்டாம் என்று நாயுடுவிடம் சொல்லிவிட்டேன். பாய்லர் வீடு என் பொறுப்பு, அங்கே யார் என்ன கட்டினாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். முனுசாமி ஒரு வாரம் முன்னாலேயே வந்தார். "எங்க கட்டலாம், எங்க கட்டக் கூடாதுன்னு சொல்லிடுப்பா" என்றார். வாசல் உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி அடித்துக் கொடுத்தேன். அவர்கள் கற்பூரம் காட்டும்போது நான் தள்ளி நின்று, தலை குனிந்து என் ஜெபத்தைச் செய்துகொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூஜை தொடங்கும் முன் பெரியம்மா எழுந்து வந்து, "மொதல்ல மூச்சு வுடுதா பார்ப்போம்" என்று சங்கிலியை இழுத்தார். அதற்கப்புறம்தான் கற்பூரம். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு முனுசாமி தம்பதியாக எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் மச்சானுக்கு நெருப்புப் போடக் கற்றுக்கொடுத்தவனும் நானே.

பெரியம்மா இப்போது இல்லை. நாயுடுவும் முனுசாமியும் இல்லை. ஆலை பேரன் கைக்கு வந்து பெரிய கம்பெனி ஆகிவிட்டது. பாய்லரும் புதுசு, பொத்தானைத் தட்டினால் தானே எரிகிறது. ஒரு விஜயதசமிக்கு பழைய ஆள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாய்லர் ஏற்கெனவே சூடேறி நின்றது, கற்பூரத் தட்டு தயாராக இருந்தது. தலையில் மஞ்சள் தொப்பி போட்ட பையன் ஒருவன் என்னைக் கையைப் பிடித்து நகர்த்தினான்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மொதல்ல வால்வை இழுக்கணும்."

"ஏம்பா, பூசை ஆரம்பிக்கலியா?"

"இதான் சார் ஆரம்பம். இங்க மொதல் மரியாதை வால்வுக்குத்தான். காலங்காலமா வர்ற சம்பிரதாயம்."

"யாரு ஆரம்பிச்சு வெச்சது?"

"அதெல்லாம் யாருக்கு சார் தெரியும்? யாரோ பெரிய பக்திமானா இருந்திருப்பாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன இடத்தில் தள்ளி நின்றேன். அவன் இழுத்தான். ஆவி பீறிட்டது. அந்தச் சத்தம் மட்டும் என் பாதிக் காதுக்கு முழுசாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அடுத்த தெருக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா தாசண்ணே, சண்டையா?" என்றார்.

"இல்லப்பா," என்றேன். "சண்ட போடாமயே ஜெயிச்சிட்டேன்."